இருபத்துநான்கு பொற்கிழிகள்

அந்தப் படத்தில் புலவரின் கை என்னுடையது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களிடம் நான் மல்லுக்கு நிற்பதில்லை, ஆனால் உள்ளுக்குள் எரியும். ராஜா பையை வீசுவார், புலவர் ஏந்திக்கொள்வார், அடுத்த நொடி இரண்டு கைகள் மட்டும் திரை முழுக்கத் தெரியும். அவை முடிச்சை அவிழ்த்துப் பொற்காசுகளைக் கொட்டும். அந்தக் கைகள்தான் என் கைகள். உற்றுப் பார்த்தால் சால்வை மடிப்புக்குள்ளே ஏதோ மினுக்கென்று மின்னி மறையும். அது கண்ணாடி வளையல். படம் கறுப்பு வெள்ளை என்பதால் அது பச்சை வளையல் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இது எழுபத்து மூன்றாம் வருஷக் கதை. என் பெயர் கங்கம்மாள். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்து, அதே குப்பத்தில் வாக்கப்பட்டவள். அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் கிழிந்த வலையெல்லாம் என் மடிக்கு வரும். வலை இல்லாத நேரத்தில் கருவாட்டுக்கு மீன் கீறி உப்பு அடைக்க வேண்டும். கையில் எப்போதும் நாலு கீறல் இருக்கும், நாலிலும் உப்பு இருக்கும். சோறு பிசையும்போது கண்ணில் தண்ணீர் வரும். என் புருஷன் திருமலைக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி மில்லில் வேலை கிடைத்து நாங்கள் குடிவந்த அன்றே, இனி உப்பைச் சோற்றில் போடுவதோடு சரி என்று முடிவு பண்ணிவிட்டேன்.

முடிவு பண்ணினால் போதுமா? அந்த வருஷம் கரண்ட் வெட்டு வந்தது. மில் வாரத்தில் மூன்று நாள் ஓடியது, பிறகு இரண்டு நாள். திருமலை வீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்க்க ஆரம்பித்தான்.

"இப்டியே போனா பொங்கலுக்கு அப்பால ஊருக்கே போய்ட்லாம்மே. அங்க தண்ணிக்கு கரண்ட் வோணாம்," என்றான்.

எங்கள் பெண் செல்வி அப்போதுதான் கும்மிடிப்பூண்டிப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தாள். குப்பத்துக்குத் திரும்பினால் அவள் மடியிலும் கிழிந்த வலை விழும். அது நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அதற்குத்தான் தையல் வகுப்பில் சேர்ந்தேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் மாதர் சங்கக் கொட்டகையில் வகுப்பு. எட்டுப் பெண்கள், மூன்று மிஷின். ரோசம்மாள் டீச்சர் என்னைவிட ஆறு வயது சின்னவள். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சிரிப்பை அளந்துதான் செலவு செய்வாள். புதுவாயல் பக்கம் ஒரு சட்டைக் கம்பெனி புதிதாக வந்திருந்தது. டீச்சர் லெட்டர் கொடுத்து அனுப்பும் பெண்களில் இரண்டு பேரை எடுத்துக்கொள்வதாக அந்தக் கம்பெனி சொல்லியிருந்தது. அந்த லெட்டர் இல்லாவிட்டால் வாட்ச்மேன் கேட்டைக்கூடத் திறக்கமாட்டான். எனக்கு அந்த லெட்டர் வேண்டும். அதைத் தவிர அந்த வருஷம் நான் சாமியிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

இரண்டு இடத்தில் ஒன்று கன்னியம்மாவுக்கு என்பது ஊரறிந்த விஷயம். புதுவாயலில் கூலி வேலை செய்யும் வீட்டுப் பெண், பத்தொன்பது வயது, வாயே திறக்கமாட்டாள். அவள் கைத்தையல் எறும்பு வரிசையாகப் போனதுபோல் இருக்கும். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. மிச்சம் இருந்த ஓர் இடத்துக்கு மேரியும் நானும் முட்டிக்கொண்டிருந்தோம். மேரி சுமாராகத் தைப்பாள். நான் சுமாருக்கும் கீழே.

இந்த நேரத்தில்தான் பச்சையப்பன் வந்தார். சினிமாக் கம்பெனியில் ராஜாவுக்கு வாள், மந்திரிக்குத் தாடி என்று வேண்டியதையெல்லாம் எடுத்துக் கொடுக்கும் ஆள். அவருடைய அக்காவைப் புதுவாயலில் கட்டிக் கொடுத்திருந்தார்கள், அந்த வழியில் எங்கள் வகுப்பைக் கேள்விப்பட்டிருக்கிறார்.

"ராஜா காலத்துப் பை வோணும் டீச்சர். பொற்கிழி. இருவத்துநாலு. அடுத்த வெள்ளிக்கிழமை சோழவரம் ஏரியாண்ட ஷூட்டிங்கு," என்றார்.

"எப்படி இருக்கணும்?" என்று டீச்சர் கேட்டாள்.

"ராஜா காலத்துல இருந்தா மாதிரி இருக்கணும்."

"ராஜா காலத்துல எப்படி இருந்தது?"

"அத நான் இன்னாத்தக் கண்டேன்?" என்றவர், சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கம் ஒரு படம் போட்டுக் கொடுத்தார். அது எனக்குக் கத்தரிக்காயாகத் தெரிந்தது. மேரி வெங்காயம் என்றாள். இன்னொருத்தி ஆட்டு மடி என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுருக்குப் பைதானே இது?"

"சுருக்குப் பை இல்ல டீச்சர். அது கெழவிங்க வெத்தல போட்டு வெக்கிறது. இது ராஜா குடுக்கறது. பெருசா இருக்கணும், செவப்பா இருக்கணும், மிஷின் தையல் வெளிய தெரியக் கூடாது. அந்தக் காலத்துல ஏது மிஷினு?"

அவர் போனதும் டீச்சர் முகத்தில் சந்தோஷம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட லேசான வேலை கிடையாதாம். எல்லாம் நேர்த்தையல், வளைவு நெளிவு ஒன்றும் இல்லையாம். துணியை வெட்டுவதற்கு முன்னால் எங்களை உட்காரவைத்து விளக்கம் வேறு.

"அந்தக் காலத்துல சட்டையில பாக்கெட்டே கிடையாது. நம்ம நாட்டுலயும் சரி, வெள்ளைக்காரன் நாட்டுலயும் சரி, ஆம்பளை பொம்பளை எல்லாரும் இந்த மாதிரிப் பையத்தான் இடுப்பு வார்ல தொங்கவிட்டுக்கினு போவாங்க. கான்வெண்ட்ல ஒரு புஸ்தகத்துல படம் பார்த்திருக்கேன்."

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் குப்பத்தில் பெண்கள் பையை இடுப்பில் சொருகி, அதற்கு மேல் கொசுவத்தைச் சொருகி, அதற்கு மேல் கையையும் வைத்துக்கொள்வார்கள். இவர்கள் என்னடாவென்றால் காசை ஊர் பார்க்க வெளியே தொங்கவிட்டு நடந்தார்களாம்.

"திருடன் இல்லியா டீச்சர் அந்தக் காலத்துல?" என்று கேட்டேன்.

"இருந்தான். அறுத்துக்கினுதான் போனான்."

"அப்பறமும் ஏன் வெளிய தொங்கவுட்டாங்க?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கங்கம்மா, நீ ஊசியில நூல் கோரு," என்றாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

பையின் வேலை கேட்பதற்குச் சுலபம். ஒரு முழ நீளம், ஒரு சாண் அகலத்துக்குத் துணி. அதை நடுவில் மடித்தால் அடிப்பக்கம் தானாக மூடிக்கொள்ளும். இரண்டு பக்கமும் தைக்க வேண்டும். மேலே வாயை ஒரு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்து, நாடா நுழைய வழி விட வேண்டும். பிறகு உள்பக்கத்தை வெளியே புரட்டி, ஊக்கில் நாடாவை மாட்டி உள்ளே ஓட்ட வேண்டும். ஒரு நாடா வலப்பக்கம் புகுந்து சுற்றி வலப்பக்கமே வரும். இன்னொன்று இடப்பக்கம் புகுந்து இடப்பக்கமே வரும். இரண்டையும் இரண்டு பக்கம் இழுத்தால் வாய் சுருங்கும். இதைச் சொல்வதற்கு இவ்வளவு நேரம்தான் ஆகும். செய்வதற்கு நான் பட்ட பாடு சொல்லி மாளாது.

என் முதல் பையில் மூன்று பக்கமும் தைத்துவிட்டேன். வாயே இல்லை. மேரி அதைத் தலையணை என்றாள். இரண்டாவதில் வாய் இருந்தது, ஆனால் மடிப்பைத் தைக்கும்போது நாடா போகிற வழியையும் சேர்த்துத் தைத்திருந்தேன். உள்ளே போன ஊக்கு வெளியே வரமாட்டேன் என்று நின்றுகொண்டது. மூன்றாவதில் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் புரட்டுவதற்கு முன்னாலேயே நாடாவை ஓட்டிவிட்டதால், புரட்டியபோது அது உள்ளே போய்விட்டது. நாலாவது பையை முடித்துவிட்டுப் பெருமையோடு எழுந்தால், பையும் கூடவே எழுந்தது. என் புடவையையும் சேர்த்துத் தைத்திருந்தேன். வகுப்பே சிரித்தது.

"இன்னா சிரிப்பு? இடுப்புல தொங்கவுடணும்னு டீச்சர்தான சொன்னாங்க?" என்றேன்.

அன்றைக்குத்தான் டீச்சர் கணக்கு வழக்கில்லாமல் சிரித்துப் பார்த்தேன். அந்த நாலாவது பையை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் மத்தியானம் தனியாக உட்கார்ந்திருந்தபோது அழுகை வந்தது. நேராக ஒரு தையல் போட வராதவளுக்கு யார் லெட்டர் கொடுப்பார்கள்?

புதன்கிழமைக்குள் எப்படியோ கை கொஞ்சம் அடங்கியது. ஐந்து பைகளுக்குப் பக்கத் தையல் போட்டேன், டீச்சர் அவற்றைப் பிரிக்கச் சொல்லவில்லை. கன்னியம்மா இருபத்துநாலு பைகளுக்கும் வாய் மடித்தாள். அந்த நுட்பத்தை அவளைத் தவிர யாரையும் நம்பி டீச்சர் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை பச்சையப்பன் மஞ்சள் பெயிண்ட் அடித்த தகர வில்லைகளை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து வைத்தார். அவைதான் பொற்காசு.

"எல்லாத்தையும் ரொப்பிக் கட்டிக் குடுத்துடுங்க. ராஜா வீசறப்ப ஒரு காசு கீழ வுழக் கூடாது. வுழுந்திச்சின்னா டைரக்டர் என்னத் தூக்கிக் கடாசிடுவாரு," என்றார்.

டீச்சர் அந்த வேலையை என்னிடம் கொடுத்தாள். "ஊசி இல்லாத வேலை, உனக்கு ஒத்துவரும். ஆனா எல்லாரும் கேட்டுக்குங்க. ஒரு பை குத்தம்னு திரும்பி வந்தாலும், அந்த வேலையைச் செஞ்சவங்களுக்கு லெட்டர் கிடையாது."

நான் ஒவ்வொரு பையிலும் ஒரு கைப்பிடி வில்லைகளைப் போட்டு, நாடாக்களை இழுத்து, கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். என்ன முடிச்சு என்று யோசிக்கவே இல்லை. சோற்றுக் கை வாய்க்குப் போவதுபோல் விரல் தானாகப் போட்டது. வலை முடிச்சு. மீன் முட்ட முட்ட இறுக வேண்டும், அதுதான் அதன் குணம். எங்கள் குப்பத்தில் அதைத் தவிர வேறு முடிச்சு யாருக்கும் பழக்கமில்லை. தாலிக் கயிற்றுக்கும் அதே முடிச்சுதான், தொட்டில் கயிற்றுக்கும் அதே முடிச்சுதான். இருபத்துநாலையும் ஒவ்வொன்றாகச் சுவரில் வீசிப் பார்த்தேன். ஒரு வில்லைகூட விழவில்லை. முதல் தடவையாக அந்தக் கொட்டகையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை டீச்சரும் கன்னியம்மாவும் நானும் சோழவரத்துக்கு பஸ் ஏறினோம். பை ஏதாவது பிரிந்தால் அங்கேயே தைத்துக் கொடுப்பதற்காகப் பச்சையப்பன் எங்களை வரச் சொல்லியிருந்தார். ஏரிக்கரையில் அட்டையில் ஒரு மண்டபம் எழும்பியிருந்தது. ராஜா தாடியைக் காதில் மாட்டிக்கொண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சேவகன் ஒருவன் கிரீடத்தை மடியில் வைத்துத் தூங்கினான். எது நிஜம், எது வேஷம் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் கேட்டு ஒரு மந்திரியைக் கும்பிட்டேன். அவர் லாரி டிரைவராம், துணியைச் சும்மா போட்டுப் பார்த்தாராம்.

காட்சி இதுதான். பட்டினியில் வாடிய புலவர் பாடுகிறார். ராஜா மனம் உருகிப் பொற்கிழியை வீசுகிறார். புலவர் அதை ஏந்தி, அவிழ்த்து, காசைப் பார்த்து அழ வேண்டும். புலவராக வந்தவருக்குத் தொந்தியும் பஞ்சு மாதிரிக் கையும் இருந்தன. அவர் என்ன பட்டினி கிடந்தார் என்று எனக்குப் புரியவில்லை. ராஜா வீசினார். பை அழகாகப் பறந்துபோய்ப் புலவர் கையில் விழுந்தது. எனக்கு மார்பு விம்மியது. கன்னியம்மா தொடையைக் கிள்ளினேன்.

புலவர் நாடாவை இழுத்தார். மறுபடி இழுத்தார். பாட்டு முடிந்து, அழ வேண்டிய இடமும் தாண்டிப்போனது. அவர் இழுத்துக்கொண்டே இருந்தார்.

"கட்! இன்னாய்யா பண்றே?" என்று டைரக்டர் கத்தினார்.

மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் அதே கதை. நாலாவது தடவை புலவர் பல்லால் கடித்தார். டைரக்டர் பையைப் பிடுங்கித் தானே இழுத்தார், முடிச்சு கடுகளவுக்குச் சுருங்கியது. வேறு பை எடுத்தார்கள், அதுவும் அப்படியே. பச்சையப்பன் கூடையைக் கவிழ்த்தார். ஆளுக்கொரு பையைக் கையில் வைத்துக்கொண்டு சேவகர்களும் மந்திரியும் தோழிப் பெண்களும் மல்லுக்கட்டினார்கள். ராஜாகூட ஒன்றை முழங்காலில் வைத்துப் பார்த்தார்.

"இது பொற்கிழியா, இரும்புப் பொட்டியா? எவய்யா தச்சது இதை? வெளிச்சம் போவுது! எல்லாத்தையும் திருப்பி அனுப்பு!" என்று டைரக்டர் குதித்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பை திறக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. காசு விழக் கூடாது என்றார்கள், விழாமல் கட்டினேன். திறக்க வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கோபம் ஒரு பக்கம் வந்தது, பயம் ஒரு பக்கம் வந்தது.

பச்சையப்பன் டீச்சரை இழுக்காத குறையாக முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். டீச்சர் ஒரு பையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வாய் கொத்தாகச் சுருங்கி, முடிச்சு உள்ளே புதைந்திருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"கன்னியம்மா! வாய் மடிச்சது நீதானே? நாடா போற வழியையும் சேர்த்துத் தச்சிட்டியா?"

கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மண்ணில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

நான் பக்கத்தில் நிற்கிறேன். கணக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் சும்மா நின்றால் போதும். கன்னியம்மாவுக்கு லெட்டர் இல்லை. இரண்டு இடம், மேரியும் நானும். மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் செல்வி பள்ளிக்கூடம் போவாள். வாயைத் திறந்தால் பொங்கலுக்கு அப்புறம் குப்பம், உப்பு, கத்தி. ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. என் வாய் ஏன் திறந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் நல்லவள் என்பதால் அல்ல. அந்தப் பெண்ணின் எறும்புத் தையலை யாரோ குறை சொன்னது பொறுக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

"டீச்சர், அவ தையல்ல ஒரு குத்தமும் இல்ல. முடிச்சு நான் போட்டது. வல முடிச்சு. இழுத்தா எறுகும்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. ஐம்பது பேர் திரும்பினார்கள்.

"அப்ப எப்டிம்மா தெறக்கறது?" என்று டைரக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

பையை வாங்கினேன். சின்ன நுனியைப் பின்னால் மடக்கி, கட்டைவிரலால் ஒரு தள்ளு. முடிச்சு நெகிழ்ந்தது. பை வாயைப் பிளந்தது.

டைரக்டர் பையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். நரம்பு புடைத்து, விரல் காய்த்து, நகம் கறுத்த கை. நான் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"இன்னொரு வாட்டி தெற," என்றார். திறந்தேன். "இன்னும் மெதுவா." திறந்தேன். அவர் புலவர் பக்கம் திரும்பி, "பாத்தியாய்யா? இது கை. சோத்தப் பாத்து நாலு நாளான கை," என்றார்.

அது திட்டா, பாராட்டா என்று எனக்கு விளங்கவில்லை. நான் அன்று காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. என் கையில் சாம்பல் பூசினார்கள். புலவரின் சால்வையை என் தோளில் போட்டார்கள். ஒரு பையன் வந்து, "வளையலக் கழட்டுங்கக்கா," என்றான்.

"மாட்டேன்," என்றேன்.

"புலவரு எங்கனாச்சும் வளையல் போட்டுக்கினு இருப்பாரா?"

"எம் புருசன் உலை மேல நின்னு வேல செய்றவரு. வெறுங்கையோட நான் நிக்கமாட்டேன். புலவரும் வோணாம், ராஜாவும் வோணாம், ஆள வுடு."

டைரக்டர் மறுபடி குதிக்கத் தயாரானார். அப்போது கன்னியம்மா, அதுவரை தலைகுனிந்து நின்றவள், ஒரு துண்டு நாடாவோடு வந்தாள். என் வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்ற முடிந்தவரை ஏற்றி, நாடாவால் சுற்றிக் கட்டினாள். என் முடிச்சு இல்லை, சாதாரண முடிச்சு. சால்வையை அதன்மேல் இழுத்துவிட்டாள்.

நான் முடிச்சைத் தள்ளினேன். தகர வில்லைகள் உள்ளங்கையில் கொட்டின. ஒரே தடவையில் முடிந்தது. பச்சையப்பன் எங்களுக்கு வடையோடு நாஷ்டா வாங்கிக் கொடுத்தார். இருபத்துநாலு பைகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் டீச்சர் என்னோடு பேசவில்லை. சனிக்கிழமையும் பேசவில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. குற்றம் செய்தவளுக்கு லெட்டர் கிடையாது என்றால் எனக்குக் கிடையாது. பை திரும்பி வந்தால்தான் லெட்டர் கிடையாது என்றால் எனக்கு உண்டு. அன்று சாயங்காலம் வகுப்பு கலையும்போது டீச்சர் மூன்று லெட்டர் கொடுத்தாள். கன்னியம்மாவுக்கு ஒன்று, மேரிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இடம் இரண்டு, லெட்டர் மூன்று.

"திங்கக்கிழமை காலையில மேனேஜர் கையில கொடுங்க," என்றாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. திருமலைக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். வாசலில் உட்காரவைத்துச் செல்வியைப் படிக்கச் சொன்னேன். அவள் விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"இவர்... கட்டிய... பை... திறக்காது."

"அப்பறம்?"

"அதுக்கப்பறம் டீச்சர் சேத்துச் சேத்து எழுதிக்கீறாங்கம்மா. எனக்குத் தெரியல."

என் மூஞ்சியில் யாரோ அறைந்ததுபோல் இருந்தது. முதல் வரியே அப்படி என்றால் மிச்சத்தில் என்ன இருக்கும்? பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கலாம்தான். என் மானம் போன கதையை நானே ஏன் ஊருக்குப் படித்துக் காட்ட வேண்டும்?

"கிழிச்சுப் போட்டுட்டு வேற வேலயப் பாருமே. எதுக்கு அங்க போயி பேஜாரு?" என்றான் திருமலை.

கிழிக்கலாமா என்று நானும் இரண்டு தடவை எடுத்தேன். கை வரவில்லை. டீச்சர் எழுதியது பொய்யில்லையே. என் பை திறக்கவில்லைதான். திங்கட்கிழமை காலையில் லெட்டரை மடித்து, புடவையோடு தைத்தேனே அந்த நாலாவது பை, அதில் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மேனேஜர் பெயர் அருணாச்சலம், வழுக்கைத் தலை. கன்னியம்மாவும் மேரியும் முன்னாலேயே உள்ளே போய்விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கையை நீட்டியதும், பதற்றத்தில் லெட்டரை எடுக்க மறந்து பையையே கொடுத்துவிட்டேன். அவர் நாடாவை இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"சார், குடுங்க, குடுங்க," என்று வாங்கி, ஒரு தள்ளுத் தள்ளி லெட்டரை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் முதல் வரியைப் படித்தார். பையைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மேலே படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றுபோனது.

"சார், கொஞ்சம் சத்தமாப் படிங்க சார். இன்னா எழுதிக்கீதுன்னு எனக்குத் தெரியாது," என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படித்தார். "'இவர் கட்டிய பை திறக்காது. அது இவர் குற்றமில்லை. பை என்றால் திறக்கவும் வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் குற்றத்தை ஆராயாமல் வேறொரு பெண்ணின் தலையில் போட்டேன். இவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் உங்கள் கம்பெனியில் இடம் நிச்சயம். அது தெரிந்தும் ஐம்பது பேர் முன்னால் என்னைத் திருத்தினார். தையல் இவருக்கு ஆறு மாதத்தில் வந்துவிடும். மற்றதை என்னால் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது.'"

நான் அழுதேன். இரும்பு மேஜையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன். அவர் லெட்டரை மடித்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க. அந்த முடிச்ச மட்டும் எங்க சட்டையில போட்டுடாதீங்க," என்றார்.

இன்னோர் இடம் கன்னியம்மாவுக்கு. அவளும் நானும் வெளியே வந்தோம். மேரியை அடுத்த மாதம் வரச் சொல்லியிருந்தார்களாம், அவள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் திருமலை வாடகைச் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான். கிழித்துப் போடச் சொன்னவன் எதற்கு இங்கே வந்து நிற்கிறான் என்று எனக்குப் புரியவில்லை.

"இன்னாமே ஆச்சு?" என்றான்.

பழக்கத்தில் மறுபடி கட்டியிருந்த பையை அப்படியே அவன் கையில் கொடுத்தேன். அவன் இழுக்கவில்லை. எங்கள் ஊர்க்காரன் ஆயிற்றே. கட்டைவிரலால் ஒரு தள்ளு, பை திறந்துகொண்டது. உள்ளே விரலை விட்டுத் துழாவினான், கவிழ்த்து உதறினான். லெட்டர் இல்லை. கேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அவங்களே வெச்சிக்கினாங்களா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"அப்ப ஊருக்குப் போவல," என்றான்.

"போவல," என்றேன்.